வீட்டு வண்டிக்கு நான் வைத்த ரப்பர்

தெஹியோவிட்டவிலிருந்து அவிசாவளை வரைக்கும் எந்த வண்டிக்கு மட்கார்ட் நெளிந்தாலும் கடைசியில் அது என் கராஜுக்குத்தான் வந்து சேரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை, உழைத்தவன் சொல்லலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் பிறந்தவனுக்கு இன்று பஸாரில் சொந்தக் கராஜ், மேல்மாடி வைத்த வீடு, 'டிங்கரிங் பாஸ்' என்று எல்லாச் சாதி சனமும் கூப்பிடுகிற பெயர். எல்லாம் தகரத்தைத் தட்டித் தட்டிச் சேர்த்தது. எந்தத் தகடும் என் கைக்கு வந்தால் நான் நினைத்த மாதிரி வளையும். வளையாதவர்கள் என் சம்சாரமும் மகளும் மட்டும்தான்.

நான் சொல்லப் போவது ஒரு வீட்டு வண்டியைப் பற்றி. லொறிச் சேஸியின் மேல் ஒரு சின்ன வீட்டைத் தூக்கி வைத்தது போல இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மூலையில் கதவு போட்ட கக்கூஸ். வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய் அதிலேயே படுத்து எழும்புவார்களாம். எங்கள் தோட்டத்தில் முன்பு இருந்த ஒரு துரை கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. அவர் போன பிறகு பெக்டரிக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்குக் கீழே பல வருஷம் கிடந்தது. தோட்டத்தில் பழைய இரும்பு விற்றபோது அதோடு சேர்த்து இதையும் வாங்கினேன். டிரைவர் உட்காரும் முன்பக்கம் தனி, வீடு தனி. நடுவில் தடுப்பு, அதில் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு கண்ணாடி. பக்கச் சுவர்களில் சின்னச் சின்ன ஜன்னல்கள், கை போகும், ஆள் போக முடியாது. ஏறி இறங்க இடது பக்கத்தில் ஒரே ஒரு கதவு.

லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு பஸாருக்குள் வந்தபோது ஹார்ட்வெயார் கடை நானா தராசை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"என்ன பாஸ், இது வண்டியா ஊடா?"

"ரெண்டும்தான் நானா."

"ஊடுன்டா கூரை ஒழுகுது. வண்டின்டா தானா ஓடல. எதுக்கு வாங்கினீங்க?"

"ஒரு ஆசைக்கு."

ஆசை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். காரணம் வேறு.

என் சம்சாரத்துக்குக் கருப்பை எடுத்து ஆபரேஷன் செய்த பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போனது. வந்தால் உடனே போக வேண்டும். டாக்டர் மருந்து கொடுத்தார், குறைந்தது, நிற்கவில்லை. ஒரு நாள் அவிசாவளை பஸ்ஸில் நல்ல நெரிசல். நடுவழியில் அவள் என் கையைப் பிடித்து இறுக்கினாள்.  பஸ் நின்று கடைசி ஆள் இறங்கும் வரை சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கினாள். நான் குடையை விரித்து அவளுக்குப் பின்னால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மழையில்லாத பகலில் குடையைக் கீழே பிடித்துக்கொண்டு போகிற கிழவனைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் அவள் அதன் பிறகு பஸ் ஏறவில்லை. கராஜில் எத்தனை கார் நின்றாலும் அதிலும் ஏறவில்லை. கோயில், கல்யாண வீடு, சாவு வீடு எல்லாவற்றுக்கும் நான் தனியாகப் போய் வந்தேன்.

மகளை எம்பிலிப்பிட்டியவில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் வயிற்றில் பிள்ளை தங்கியதும் டாக்டர் பிரயாணமே கூடாது என்றுவிட்டார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டியவள் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. எங்கள் லயத்து வழக்கப்படி பிள்ளைக்குச் சேலைத் தொட்டில் கட்டுவது தாயைப் பெற்றவள். அவள் தன் சேலையைக் கொண்டுபோய், தன் கையால் முடிச்சுப் போட்டு, முதல்முதலாகப் பிள்ளையைக் கிடத்த வேண்டும்.

"நீங்க வந்து கட்டணும்மா," என்று மகள் போனில் சொன்னாள்.

"பாப்போம்டி."

அவளுடைய 'பாப்போம்' என்றால் 'மாட்டேன்' என்று எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

"பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வர்ற வரைக்கும் தொட்டில் கட்ட மாட்டேன். மடியில வச்சே வளக்கிறேன்."

பிடிவாதம் என் பக்கத்து ரத்தம். அந்த வாரமே நான் தோட்டத்துக்குப் போய் வீட்டு வண்டிக்கு விலை பேசினேன்.

எஞ்சினை மெக்கானிக் ஒருவர் பார்த்துக்கொண்டார். மேலுடம்பு முழுக்க என் வேலை. சுவர்கள் அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். அலுமினியம் துருப்பிடிக்காது என்று சனங்கள் நம்புகிறார்கள். துருப்பிடிக்காதுதான், ஆனால் சாம்பல் பூத்து மாவு மாதிரி உதிரும். கதவுக்குக் கீழே, சக்கரத்தைச் சுற்றி, மண்ணுக்குப் பக்கத்தில் இருந்த தகடெல்லாம் அப்படித்தான் கிடந்தது. விரலால் குத்தினால் விரல் உள்ளே போனது. உள்ளே சட்டத்தைக் கறையான் தின்றிருந்தது. பின்விளக்குக் கண்ணாடி இல்லை. பம்பர் வாய் கோணியிருந்தது. கூரையில் காற்றுப் போகிற துவாரத்தின் மூடி காய்ந்து வெடித்திருந்தது.

ஆணிகளின் தலையைத் துளைத்து எடுத்துப் பழைய தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவற்றைத் தூக்கிப் போடுகிறவன் வேலை தெரியாதவன். பழைய தகட்டைப் புதுத் தகட்டின் மேல் விரித்து, ஓரம் கீறி, அந்தக் கோட்டில் வெட்ட வேண்டும். எவ்வளவு உதிர்ந்திருந்தாலும் தன் அளவை அது மறந்திருக்காது. சட்டத்துக்குப் பலா மரம் போட்டேன். சக்கரத்துக்கு மேல் வரும் வளைவை மணல் மூட்டையில் வைத்து மரச் சுத்தியலால் அடித்து எடுத்தேன். மூன்றாம் நாள் அது குழந்தையின் கன்னம் மாதிரி உருண்டு வந்தது. பஸ்ஸில் வைக்கிற பின்விளக்கு பொருந்தியது. பம்பரும் ஒரு பழைய பஸ்ஸிலிருந்து. கூரை மூடிக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ரப்பர் பால் உறைய வைக்கிற அலுமினியத் தட்டு ஞாபகம் வந்தது. தோட்டத்தில் ஒன்று கேட்டு வாங்கிக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். அதற்கென்றே செய்தது போல உட்கார்ந்தது. நானா பார்த்துவிட்டு, "பாஸுக்கு மூள ஈக்கி," என்று மெச்சினார். எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

சம்சாரம் தேத்தண்ணி கொண்டு வருகிற சாக்கில் வந்து பார்ப்பாள். ஒரு நாள் உள்ளே ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். எழும்பிக் கக்கூஸ் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உள்ளே கொண்டி போட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் வெளியே ஆணி அடிப்பதை நிறுத்தவில்லை. இறங்கிப் போனாள். மறுநாள் காலையில் கொடியில் ஒரு பழைய நூல் சேலை காய்ந்தது. மகளுக்குத் தொட்டில் கட்டிய சேலை.

மிச்சம் இருந்தது ரப்பர். கதவைச் சுற்றி மழை இறங்காமல் ஓடுகிற ரப்பர் முழுக்கக் கல்லாகி உடைந்திருந்தது. கொழும்பில் பழைய வண்டிச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடினேன். இவ்வளவு பழைய வண்டிக்கு அந்த அளவில் இல்லை என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ரப்பர் மரத்துக்குக் கீழே பிறந்தவன் ரப்பருக்குக் கொழும்புக்குப் போவதா? தோட்டத்தில் ரப்பர் காய வைக்கிற புகைக்கூட்டிலிருந்து நல்ல பொன் நிறமாகக் காய்ந்த ஷீட் வாங்கி வந்தேன். பட்டையாக வெட்டினேன். ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சூடு காட்டி அழுத்தினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேனே தவிர, யோசிக்கவில்லை. கதவில் ஒரு சுற்று, நிலையில் ஒரு சுற்று. மூடினால் ரப்பரும் ரப்பரும் முகத்தோடு முகம் வைத்து அழுத்தும். எங்கள் பக்கத்து மழையே வந்து தலைகீழாக நின்றாலும் சொட்டு இறங்காது.

சம்சாரம் குனிந்து பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்கு ரப்பர் பெக்டரியில்தான் வேலை. ஷீட்டில் குமிழியும் அழுக்கும் இருக்கிற இடத்தைக் கத்தரித்து எடுத்து, அடுக்கிக் கட்டுவது.

"என்னங்க, ஷீட்டும் ஷீட்டும் முட்டுற எடத்துல பவுடர் பூசுங்க. நாங்க வெள்ளைப் பவுடர் பூசித்தான் அடுக்குவோம். இல்லாட்டி வெயிலுக்கு ஒண்ணாயிரும்."

"நீ ஷீட்டு வெட்டினவ. நான் வண்டி செய்றவன்."

"சரிங்க," என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரம் பெய்த மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நான் நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. பேர் வைக்க நாள் குறித்தார்கள். அன்று விடிவதற்கு முன் சம்சாரம் குளித்து, தொட்டில் சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டு வண்டியில் ஏறினாள். நான் கதவைச் சாத்தினேன். முன்னால் போய் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கட்டிலின் விளிம்பில், யாரோ வீட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். குருவிட்ட தாண்டும்போது பார்த்தேன், காலைத் தூக்கி மேலே வைத்திருந்தாள். இரத்தினபுரியில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். இறங்க மாட்டேன் என்றாள். ஜன்னல் வழியாகக் கோப்பையைக் கொடுத்தேன்.

"எத்தன வாட்டி எந்திரிச்சேன் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நான் ரோட்டப் பாத்தனா, உன்னப் பாத்தனா?"

"யாருக்கும் தெரியல," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒன்றைச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பெல்மதுளையில் திரும்பிக் கஹவத்தை தாண்டி இறங்க இறங்க மழைக் காற்று போய் வெயில் ஏறியது. எங்கள் பக்கத்து வெயில் இல்லை அது. எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்ச் சேரும்போது தகட்டின் மேல் கை வைக்க முடியவில்லை.

சம்பந்தி வீட்டு வாசலில் கூட்டம். கதிரை போட்டு, பந்தல் கட்டி, உறவு சனமெல்லாம் நல்ல உடுப்போடு நின்றது. என் வண்டியைப் பார்த்து எல்லோரும் எழும்பிவிட்டார்கள். நியாயம்தான், அப்படி ஒரு வண்டி அந்த ஊருக்கு வந்திருக்காது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்கிப் போனேன். ஜன்னலில் அவள் முகம் வெளுத்திருந்தது.

"நான் எறங்கலங்க. இவ்வளவு சனம். உள்ள போய் உக்காந்துட்டு நிமிசத்துக்கொருவாட்டி எந்திரிச்சா என்ன நெனப்பாங்க? புள்ளைய இங்க கொண்டாந்து காட்டச் சொல்லுங்க. பாத்துட்டுப் போயிருவோம்."

  இத்தனை தகடு மாற்றியது ஜன்னலில் பிள்ளை காட்டவா? அப்போது மகளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஜன்னல்ல பாக்கிறதுக்கு நீங்க என்ன ஜெயில்லயா இருக்கீங்க?"

"அப்படி இல்லடி..."

"இவ இன்னைக்கு வரைக்கும் தொட்டில்ல படுக்கல. என் தோளு ரெண்டும் கழண்டு போச்சு. நீங்க போறதுன்னா போங்க. நாங்க இப்படியே இருக்கோம்."

பிள்ளை அந்த நேரம் கொட்டாவி விட்டது. அவ்வளவுதான் செய்தது. சம்சாரம் ஜன்னலை விட்டுப் போனாள். கொண்டி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

"கதவு அசையலங்க."

"கொண்டிய எடுத்தியா?"

"எடுத்திட்டேன். கொண்டி இல்ல. ரப்பரு."

பிடியைப் பிடித்து இழுத்தேன். ஒரு காலைச் சுவரில் வைத்து இழுத்தேன். மாப்பிள்ளை வந்து இழுத்தார். விடியற்காலையிலிருந்து திறக்காத கதவு. முகத்தோடு முகம் வைத்த ரப்பர் வெயிலில் ஒரே ரப்பராகிவிட்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "தொற ஹிரவெலா," என்று சிங்களத்தில் ஊருக்கே கேட்கச் சொன்னார். கதவு இறுகிவிட்டதை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மாப்பிள்ளை ஓடிப் போய் அலவாங்கு கொண்டுவந்தார். அதைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினால் கதவு வரும். அதோடு நான் மணல் மூட்டையில் வைத்துத் தட்டி எடுத்த தகடும் வாய் பிளந்துகொண்டு வரும்.

என் வேலையை நானே உடைத்தது கிடையாது. ஆனால் எனக்கு வேறொரு பயம். திறக்கவில்லை என்பதையே சாக்காக வைத்து அவள் கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டால், அதன் பிறகு எந்தக் கதவையும் அவள் திறக்கப் போவதில்லை.

"நெம்புங்க மாப்ள," என்றேன்.

"மாமா, புதுத் தகடு..."

"தகடு நான் அடிப்பேன். நெம்புங்க."

"அந்த அலவாங்க கீழ வைங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பெக்டரியில் வேலை செய்தவளின் குரல், மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. "யாரும் ஒண்ணையும் தொடாதீங்க."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அடுப்புப் பக்கத்தில் இருந்த மரக்கறிக் கத்தியைத் தண்ணீரில் முக்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த கத்தி ரப்பரில் ஒரு விரல் கூட நகராது, பிடித்துக்கொள்ளும். நனைந்த கத்தி வெண்ணெயில் போவது போலப் போகும். ஒரு சாண் அறுப்பாள், மறுபடி முக்குவாள். பெக்டரியில் கத்தரிக்கோலையும் அப்படித்தான் முக்கி முக்கி வெட்டுவார்கள். அவசரப்படவில்லை. மேல் பக்கம் எட்டாதபோது காலி வாளி ஒன்றைக் கவிழ்த்து அதில் ஏறி நின்றாள். வெளியே நல்ல உடுப்போடு அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கத்தி முனை சுற்றி வருவது தகட்டில் மெல்லிய சத்தமாகக் கேட்டது.

கதவு திறந்தது. என் சம்சாரம் ஒரு கையில் சொட்டுகிற கத்தியும் அக்குளில் தொட்டில் சேலையுமாக வாசற்படியில் நின்றாள். சேலைத் தலைப்பெல்லாம் ஈரம். கத்தியை என்னிடம் நீட்டினாள். 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லுவாள் என்று நான் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை.

"தகட்டுல கீறல் விழல. பாருங்க," என்றாள்.

பிறகு தானாகவே இறங்கினாள். நான் கை கொடுத்தேன், பிடிக்கவில்லை. பிள்ளையை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

சம்பந்தியம்மா நடு அறையில் கொக்கி போட்டு வைத்திருந்தார். சம்சாரம் சேலையை நீளமாக மடித்து, இழுத்துப் பார்த்து, முடிச்சைப் போட்டு, தன் முழங்கையை உள்ளே வைத்துத் தொங்கிப் பார்த்தாள். பிள்ளையைக் கிடத்தினாள். அதற்கு அந்தச் சேலை பிடித்திருந்தது, உடனே கண்ணை மூடிக்கொண்டது. மகள் தோளைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் சம்சாரம் எழும்பத் தயங்குவதைக் கண்டேன். எனக்கு முன் சம்பந்தியம்மா கண்டுவிட்டார். பக்கத்தில் குனிந்து, "மதினி, பின்னுக்கு வலது பக்கம். வெளக்குப் போட்டே வச்சிருக்கேன். இன்னைக்கு அது உங்களுக்கு மட்டுந்தான், மத்தவுகளுக்கு முன்னுக்கு இருக்கு," என்றார். மகள் எல்லாம் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள். சம்சாரம் போய் வந்தாள். மறுபடி போய் வந்தாள். ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. பின்னேரம் வரைக்கும் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கும் தொட்டிலை விடவில்லை, மகள்தான் ஊட்டிவிட்டாள்.

திரும்பும் நேரம். அறுத்த ரப்பர் கதவைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பிளேடால் சமப்படுத்தி வைத்தேன். சம்சாரம் பிள்ளையின் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தள்ளுங்க."

கதவில் ஒரு சுற்று, நிலையில் ஒரு சுற்று, உள்ளங்கையால் பவுடரைத் தேய்த்தாள். பிள்ளைக்குப் பூசுவது போலவே, ஒரு இடம் விடாமல். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதுக்கு வாசனப் பவுடரா?" என்று கேட்டேன்.

"பெக்டரிப் பவுடர் இங்க எங்க இருக்கு? இதுவும் அதுதான். இது கொஞ்சம் நல்ல குடும்பத்துப் பவுடர்."

இரத்தினபுரிக்கு வந்தபோது நல்ல மழை. காலையில் நிறுத்திய அதே தேத்தண்ணிக் கடை. நான் கோப்பையை ஜன்னலுக்குக் கொண்டுபோக எழும்பினேன். அதற்குள் கதவு இலேசாகத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் குடையோடு இறங்கி, கடைக்குள் வந்து, என் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்காரரிடம் சிங்களத்தில் சீனி குறைவாக ஒரு பிளேன்டீ கேட்டாள்.

இப்போது எங்களுக்கு வீட்டு வண்டியில் போகாத இடம் இல்லை. கதவுக்குச் சரியான ரப்பர் பிறகு கிடைத்துவிட்டது. ஒரு சுருள் வாங்கிக் கராஜில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஏன் இன்னும் மாற்றவில்லை என்று நானா கேட்டால் நேரம் இல்லை என்று சொல்வேன். பழைய ஷீட்டுக்கு அவள் வெள்ளிக்கிழமைதோறும் பவுடர் போடுகிறாள், பேத்தியின் டப்பா மாதிரியே ஒன்று வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கதவைத் திறந்தால் முதலில் அந்த வாசனைதான் வரும். வேலை என்று பார்த்தால் மட்டமான வேலை. என் கராஜில் வேறு எந்த வண்டியையும் அப்படி வெளியே விடமாட்டேன்.